நெற்சப்பிக்கு மாப்பிள்ளை பார்த்தவன்

மச்சாள்,

காலையில் வயலுக்குப் புல் மருந்து அடித்துவிட்டு வந்தேன். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டும் கையில் மணம் போகவில்லை. அந்த மணத்தோடு உங்கள் சிரிப்பும் வந்து குசினி வாசலில் நிற்கிறது. இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

முரசுமோட்டையில் என் மருந்துக் கலவைக்கு நிகரில்லை என்பது ஊரறிந்த விசயம். நான் மருந்துத் தாங்கியைத் தோளில் கொழுவினாலே பக்கத்து வயல் புல்லும் பயத்தில் கருகும். நீங்கள் என் தம்பியைக் கட்டி வந்த போகம் நெற்சப்பிப் புல்லு மட்டும் சாகாமல், நெல்லுக்குள் நெல்போல நின்றது. அது மருந்தைக் குடித்துப் பழகிவிட்டது என்று வரம்பில் நின்று ஊருக்கு விளக்கினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த நீங்கள் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினீர்கள்.

“பழகேல்லை அத்தான். அதுக்குள்ள விகாரம் இருந்திருக்கு.”

விகாரம் என்றால் எனக்குத் தெரிந்தது அவலட்சணம்தான். “வடிவாத்தானே நிக்குது” என்றேன். சைக்கிள் சாயச் சிரித்தீர்கள். பிறகு விஞ்ஞான ரீச்சராகவே தொடங்கினீர்கள். உயிர் தன்னைப் பிரதி பண்ணும்போது எழுத்துப்பிழை விடுமாம், அதுதான் விகாரமாம். அனேகமான பிழைகளால் ஒன்றுமில்லை, சில கெடுக்கும், எப்போதாவது ஒன்று காப்பாற்றும். நான் மருந்து அடிக்க முன்னரே அப்படி ஒன்றிரண்டு அங்கே நின்றிருக்குமாம்.

“மற்றதுகளைக் கொன்றுபோட்டு, தப்பினதுகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கட்டி வைக்கிறியள். உங்கட கலியாணப் புரோக்கர் வேலை வயலிலயும் விடாதோ?”

பல வருசம் கழித்து, உங்கள் மார்புக் கட்டியைப் பற்றிப் பேசிய டொக்டரும் விகாரம் என்ற அதே சொல்லைச் சொன்னார். பரம்பரையில் வருவது, மகளையும் சோதிக்க வேண்டும் என்றார். நான் எழும்பி வெளியே போய்விட்டேன். நீங்களோ கட்டிலில் இருந்துகொண்டு எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். “பிழை விடாமலே பிரதி பண்ணியிருந்தா நாங்கள் இன்னும் குளத்துப் பாசிதான், அத்தான். பிள்ளைக்கு நீங்கள்தான் மாப்பிள்ளை பாக்கவேணும். வருத்தத்தை மட்டும் மறைச்சுப்போடாதேங்கோ.”

நேற்று உங்கள் மகளைப் பார்க்கக் கனகராயன்குளத்திலிருந்து மாப்பிள்ளை பகுதி வந்தது. நான் சேர்த்து வைத்த சோடிகளை வரிசையாக நிறுத்தினால் ஏ9 வீதி அடைபடும். எத்தனை குடிகாரரை வாயாலேயே கோயில் தொண்டராக்கியிருப்பேன்! மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் தாய் என்ன வருத்தத்தில் காலமானவ என்று கேட்டா. விசக்காய்ச்சல் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மகள் கதவடியில் நின்றாள். இருந்ததை இருந்தபடியே சொன்னேன்: புற்றுநோய், பரம்பரையில் வருவது, சோதித்ததில் பிள்ளையிடமும் அந்தப் பிழை இருக்கிறது, வருத்தம் இன்னும் இல்லை, ஒழுங்காக ஆஸ்பத்திரியில் காட்டுகிறாள்.

கதைத்துவிட்டுச் சொல்கிறோம் என்று போனார்கள். மகள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போகும்போது, “இனி வாறவையிட்டயும் இப்பிடியே சொல்லுங்கோ, பெரியப்பா” என்றாள்.

இன்னும் ஒரு அழைப்பும் இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு படலைக்கும் கதிரைக்குமாக நடக்கிறேன். ஒன்றையும் கூட்டாமல் ஒரு கதை சொன்னால் மனுசனுக்கு இவ்வளவு நெஞ்சிடி வரும் என்று நீங்கள் முதலே சொல்லியிருக்கலாம், மச்சாள்.