மேனேஜரின் பின்னங்கால்

ஜூன் 4
மேனேஜரின் கால் மறுபடியும் வீங்கிவிட்டது. குடோனில் டைல்ஸ் பெட்டி சரிந்து எலும்பு முறிந்தபோது தகடு வைத்துத் திருகு முடுக்கினார்களே, அதே இடம். தழும்பிலிருந்து சீழ் கசிகிறது.

நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவள் என் மனைவி. பகலெல்லாம் என் டைல்ஸ் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் முறைக்கிறானாம்.

ஜூன் 6
கால்நடை டாக்டர் எலும்புக்குள் கிருமி என்றார். ஆறு வாரம் மாத்திரை, ஒரு வேளைகூட விடக்கூடாதாம். ஆறு வாரமா? மூன்று இடத்தில் கேட்காமல் நான் ஒரு குழாய்கூட வாங்கியதில்லை. அடுத்த தெருவில் இன்னொருவர் வேறு மாத்திரை எழுதி, பத்து நாள் போதும் என்றார். இவர்தான் எனக்குத் தோதான ஆள்.

ஜூன் 13
வீக்கம் வடிந்துவிட்டது. ஓடுகிறான். மிச்ச மாத்திரையை நிறுத்தியாயிற்று.

ஜூலை 1
திரும்பவும் சீழ். மூன்றாவது டாக்டர், மூன்றாவது மருந்து.

ஜூலை 18
மூன்றாவதும் கேட்கவில்லை. பெரிய கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரேயில் தகடுக்கு அடியில் வெள்ளையாக ஒரு துண்டு. செத்த எலும்பாம். ரத்தமே போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? புரிந்தது. சுவருக்குள் ஈரம் இருக்கும்போது மேலே டைல்ஸ் ஒட்டுகிற வேலையைத்தான் இத்தனை நாளும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது டாக்டர் எடுத்து அனுப்பிய சீழில் இருந்த கிருமியை லேபில் வளர்த்துப் பார்த்த முடிவும் வந்திருந்தது.

"கிருமி எல்லா மருந்துக்கும் பழகிடுச்சுங்க. ஒண்ணே ஒண்ணுக்குத்தான் அடங்குது. அது மனுஷங்களுக்குன்னு கடைசிக்கு வெச்சிருக்கறது, நான் எழுத மாட்டேன்."

"நீங்க பேரை மட்டும் சொல்லுங்கம்மா. வாங்கறது என் பாடு."

"ஐயா, நீங்க வாங்கி வாங்கித்தான் அது இப்படி ஆயிருக்கு."



ஜூலை 19
தள்ளுபடி கேட்ட வாடிக்கையாளர் மீது எரிந்து விழுந்தேன். பாவம், ஒரு வாஷ்பேசினுக்குத்தான் கேட்டார்.

ஜூலை 24
இதோடு இன்னொரு இடி. மனைவிக்கு அடுத்த வாரம் முட்டி மாற்று ஆபரேஷன். அவளுடைய எலும்பு டாக்டரிடம் முந்தாநாள் நாயின் கதையைச் சொன்னேன். உடனே அவள் மூக்கில் பஞ்சை விட்டுச் சோதித்தார். இன்று முடிவு: அதே கிருமி. அவளை ஒன்றும் செய்யவில்லை, சும்மா குடியிருக்கிறது. ஆனால் புது முட்டிக்குள் இறங்கிவிட்டால் நாய்க்கு வந்ததுதான் அவளுக்கும். ஆபரேஷன் நிறுத்தம்.

மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறாள். நான்தானே — மூன்று கடை ஏறி இறங்கி, அந்தக் கிருமியை நன்றாகப் பழக்கி, வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டவன்?

ஜூலை 26
மச்சினன் ஃபோனில், "மாமா, பேசாம ஊசி போட்டு அனுப்பிடுங்க. அக்கா காலா, நாய்க் காலா?" என்றான். ஸ்பீக்கரில் இருந்தது. அவள் கேட்டுவிட்டாள்.

"அவனை அனுப்பிட்டு வந்தீங்கன்னா, அந்த ஆபரேஷன் டேபிள்ல நீங்களே ஏறிப் படுத்துக்குங்க."

அவனை வைத்துக்கொண்டால் இவள் நடக்க மாட்டாள். அனுப்பினால் இவள் என்னோடு பேச மாட்டாள். என்னடா செய்வேன்? எந்தப் பக்கம் போனாலும் முட்டுகிறது. டாக்டரம்மா வேறு ஒரு வழி சொன்னார். அதை இவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 27
சொன்னேன். மேனேஜரின் அந்தப் பின்னங்காலை இடுப்புவரை எடுத்துவிடுவது. தகடு, செத்த எலும்பு, கிருமி எல்லாம் அதோடு போக வாய்ப்பு அதிகம், உறுதி இல்லை. அழுவாள் என்று நினைத்தேன். "மூணு கால்ல நடப்பானா?" என்று மட்டும் கேட்டாள். நடப்பான் என்றேன். "அப்ப என்னைவிடத் தேவலாம்."

ஜூலை 30
காலை எடுத்தாயிற்று. கண் விழித்ததும் என்னை முறைத்தான்.

இரண்டு டாக்டர்களும் அவளும் நானும் பேசி முடித்தது இது: புண் ஆறும்வரை மேனேஜர் குடோனில், அவனோடு நான். வீட்டுக்கு வந்தால் குளித்துவிட்டுத்தான் உள்ளே. அவன் புண்ணுக்கும் வலிக்கும் மருந்து ஒரே டாக்டர் சொன்னபடி, கடைசி மாத்திரை வரை. அவளுக்கு மூக்கில் தடவ மருந்து; மறு சோதனையில் சுத்தம் என்று வந்தபிறகே முட்டி. அதுவரை சாயங்காலம் ஒரு தடவை அவள் ஆட்டோவில் வந்து, ஷோரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, நான் குடோனிலிருந்து கூட்டிவரும் அவனைப் பார்க்கலாம். தொடக் கூடாது.