வாசலில் நிற்கக் கூடாத வண்டி

1917

26 அக்டோபர், வெள்ளி. அம்பாசமுத்திரம்.

காலையில் மழை விட்டது. மலைப் பக்கம் இன்னும் கறுப்புத்தான். முத்தையாவும் நானும் மோட்டாரைக் கழுவினோம். டிரைவருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு நானே துணி எடுத்துத் துடைப்பதில் அவனுக்கு எப்போதும் வருத்தம். பித்தளை விளக்குகளுக்குப் புளி போட்டுத் தேய்த்தான். ஈரத்தில் பச்சை நிறம் புதிதாகத் தெரிந்தது. ஊரார் இதைக் கறுப்பு என்றே சொல்கிறார்கள், எட்டு வருஷமாகப் பார்த்தும்.

விற்றுவிடுவது என்று முடிவு. என் முடிவு அல்ல, எஸ்தருடையது. அவளுக்கு எட்டாம் மாதம். நேற்று தட்டைத் துடைத்துக்கொண்டே, "பிள்ளை வாரதுக்குள்ள அது இங்க இருக்கக் கூடாது" என்றாள். எது என்று நான் கேட்கவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். பல்லி விழும் பலன் கேட்டால் சிரிக்கிறவள். அவள் வாயிலிருந்து இது வந்ததுதான் எனக்கு ஆற்றாமை.

இந்த ஊர் என் வண்டிக்கு வைத்த பேர்: கடைசி வண்டி. நாட்டு மருந்து, மந்திரிப்பு, நேர்ச்சை எல்லாம் கைவிட்ட பிறகுதான் டாக்டருக்கு ஆள் விடுவார்கள். நான் போய்க் கையைப் பிடிக்கும்போது நாடியில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. நல்லவேளை, பழி என்மேல் இல்லை, வண்டிமேல். அது நின்ற வாசலில் சாவு விழுமாம். ஓடினால் குற்றமில்லை, நின்றால்தான். இந்தச் சட்ட நுணுக்கத்தை எந்த வக்கீல் எழுதிக் கொடுத்தானோ.

27, சனி.

வாங்குகிறவரிடம் சொல்லிவிட வேண்டியவை:

தீப்பொறி கொடுக்கும் மாக்னெட்டோ பலவீனம். சூடேறிய பின் எஞ்சின் நின்றால், ஆறும்வரை கிளம்பாது. கைப்பிடியைச் சுற்றித் தோள்பட்டை கழல்வதுதான் மிச்சம்.

பின்பக்க ஸ்பிரிங் வில் ஒன்று முறிவு. கயிறு கட்டியிருக்கிறது.

கூரை இடப்பக்கம் ஒழுகும்.

டயர், ஒட்டுமேல் ஒட்டு. யுத்தம் முடியாமல் புதிது கிடைக்காது.

சொல்ல வேண்டாதது: பின் சீட்டின் வலது மூலையில் தோல் குழிந்திருப்பது. எஸ்தர் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த குழி. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே பாடிக்கொண்டு வருவாள். வெளியே கேட்காது என்று நினைப்பு. முன்னால் இருக்கும் எனக்கும் முத்தையாவுக்கும் நன்றாகக் கேட்கும். முத்தையா அப்போது ஹாரனே அடிக்க மாட்டான்.

பிற்பகல் ஆழ்வார்குறிச்சி. அங்கே ஒரு மிராசுதாருக்கு மோட்டார் ஆசை. தெரு முனையிலேயே அவருடைய கணக்குப்பிள்ளை குடையோடு நின்று மறித்தார். "இங்கனயே நிறுத்துங்க. மொதலாளி நடந்து வருவாவ." முதலாளி நடந்தே வந்தார். சுற்றிப் பார்த்தார். ஹாரனின் ரப்பரை அமுக்கிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். நல்ல விலைதான் சொன்னார். கணக்குப்பிள்ளை அவர் காதில் ஏதோ ஓதினார், முதலாளியின் முகம் மாறிற்று. "வாங்கினா வீட்டு வாசல்லதான டாக்டர் நிறுத்தணும்?" பின்னே அடுப்படியிலா நிறுத்துவது? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் சூடேறி நின்றது. ஆறும்வரை வயல் ஓரத்தில் குந்தியிருந்தோம். மழைத் தவளைகளின் கச்சேரி. முத்தையா எஞ்சின் மூடியின் மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான், காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

28, ஞாயிறு.

ஆராதனைக்கு நடந்தே போனோம். எஸ்தர் வண்டியில் ஏறவில்லை. செருப்பு காலில் நுழையவில்லை, என் செருப்பைப் போட்டுக்கொண்டாள். "ஆனைக்கால் வந்துட்டுன்னு ஊர்ல சொல்லப் போறாவ" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டாம். எட்டாம் மாதத்தில் கால் வீங்குவது சாதாரணம்தான். காலையில் எழுந்ததும் முகமும் வீங்கியிருப்பது அவ்வளவு சாதாரணம் இல்லை.

வீட்டுக்குள் நுழையும்போது வாசல்படியில் நின்று தெருவைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்ன நினைத்தாள் என்று. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வண்டி வந்த அன்று, ஒரே ஒரு தடவை, அந்த இடத்தில் நின்றது. மாலை போட்டுப் படம் எடுத்தோம். எஸ்தர் மடியில் எங்கள் மூத்தவன். அசைந்துவிட்டான், படத்தில் முகம் கலங்கியிருக்கும். அந்த மாதமே போய்விட்டான். பேதி. அந்த வருஷம் இந்த ஊரில் எத்தனை வீட்டில் பேதி! அதற்குப் பிறகுதான் பின் சந்தில் கொட்டகை போட்டேன். வெயிலுக்காக என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், எஸ்தரிடமும்.

30, செவ்வாய்.

தூறல். மேலப்பாளையத்து ஜவுளி வியாபாரி மீரான் சாயபு ரயிலில் வந்தார். வீட்டுப் பெண்கள் வெளியே போய்வர மூடு வண்டி வேண்டுமாம். திறந்த மோட்டார்கள் கிடைக்கின்றன. கண்ணாடிக் கதவும் திரையும் உள்ளது இந்தப் பக்கத்தில் இது ஒன்றுதான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

எல்லாக் குறையும் சொன்னேன். ஊர் வைத்த பேரையும் சொன்னேன். சொல்லாமல் விற்றால் தொண்டையில் முள்ளாக நிற்கும். வயிறு குலுங்கச் சிரித்தார். "அது ஒங்க ஊருப் பேச்சுல்லா டாக்டரய்யா. எங்க வீட்டுப் பொம்பளையளு நாளைக்கே வேற பேரு வெச்சிருவாளுவ." சனிக்கிழமை டிரைவரை அனுப்பி ஓட்டிப்போவதாக ஏற்பாடு. எழுந்திருக்கும்போது, "வீட்ல சொகந்தான?" என்று கேட்டார். சுகம் என்றேன். கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னேன்.

முத்தையா கொட்டகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். புகை என்றான். அடுப்பே இல்லாத இடத்தில் என்ன புகையோ. எனக்கும் கொஞ்சம் பட்டது.

31, புதன்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆள் வந்தது, பெரியவர் ஒருவருக்கு மூச்சுத் திணறல் என்று. வண்டியில் இதுதான் கடைசிப் பயணமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தெருக் கிணற்றடியில் இரண்டு பெண்கள்.

"ஏட்டி, கடைசி வண்டி வந்துட்டு. யாரு வீட்டுக்குன்னு பாரு."

"நிக்குதா?"

"நிக்கல. போவுது, போவுது."

வீட்டுக்காரர்கள் தெருக்கோடியிலேயே இறங்கிக்கொள்ளச் சொன்னார்கள். இறங்கி நடந்தேன். நான் நடந்து போவதற்குள் பெரியவர் போய்விட்டார். வண்டி வாசலில் நிற்காமலே செத்தவர். ஊர் இதைக் கணக்கில் சேர்க்காது.

எஸ்தருக்குத் தலைவலி. மோதிரம் இறுகிவிட்டது. சோப்பு நுரை போட்டும் கழலவில்லை.

1 நவம்பர், வியாழன்.

விடாத மழை. எஸ்தர் மத்தியானம் காய் அரிந்துகொண்டிருந்தவள், "கண்ணு முன்னால மின்மினி பறக்கு" என்றாள். பட்டப்பகல்.

அவளுடைய மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சாராய விளக்கில் காய்ச்சினேன். முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டது. குழாயைக் கழுவி மறுபடி செய்தேன். மறுபடியும் அதேதான். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அவள் புருஷனைப் பார்த்துக் கத்தியிருப்பேன்: "வலிப்பு வரும்வே, தாயும் போவா பிள்ளையும் போவும், இன்னைக்கே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போம்!" இங்கே அந்தப் புருஷன் நான். பயமாக இருக்கிறது. வெறும் பயம், படிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது.

இன்றே வண்டியில் போகலாம் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டாள். "ரயில்னா வாரேன். அதுல ஏற மாட்டேன்." காலை ரயில் என்று முடிவு. பெட்டி கட்டினாள். பிள்ளைத் துணிகளுக்கு நடுவில் மூத்தவனின் குல்லாவை வைத்ததைப் பார்த்தேன். பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

2, வெள்ளி.

ஸ்டேஷனுக்கு மாட்டு வண்டியில் போனோம். ரயில் இல்லை. சேரன்மகாதேவிக்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போயிற்றாம். ஸ்டேஷன் மாஸ்டர், "நாளைக்கும் சந்தேகந்தான் டாக்டர், ஆறு ஏறிட்டே இருக்கு" என்றார். திரும்பினோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் எஸ்தர் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். இந்த மாட்டு வண்டியில் பாளையங்கோட்டை வரை போனால் போய்ச் சேர்வது யார் என்று சொல்ல முடியாது.

பாலத்துக்குக் கீழே ஆறு செம்மண் நிறத்தில். படித்துறை மண்டபத்தின் தூண்கள் பாதி முழுகிவிட்டன.

ரயில் இல்லாததால் சாயபுவின் டிரைவரும் நாளை வர முடியாது. தொலைந்தால் போதும் என்றிருந்த வண்டி கொட்டகையில்தான் நிற்கிறது. வண்டியில் போகலாமா என்று எஸ்தரிடம் மறுபடி கேட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

3, சனி. பாளையங்கோட்டை. ஆஸ்பத்திரி. பிற்பகல்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுதாவிட்டால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

காலையில் எஸ்தர் ஜன்னலைப் பார்த்து, "விளக்கை ஏன் அணைச்சீங்க?" என்றாள். நல்ல வெளிச்சம். அதற்கு மேல் நான் யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை.

கொல்லையில் முழங்கால் அளவு சேறு. அவளைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய் வழுக்கினால் இரண்டு உயிர். முன் வாசலைத் தவிர வழி இல்லை. முத்தையாவிடம் வண்டியை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னேன். அவன் அசையவில்லை. பிறகு மெல்லச் சொன்னான்:

"நிறுத்த மாட்டேன்யா. பைய உருட்டிட்டே வாரேன். உருட்டும்போதே நீங்க அம்மாவை ஏத்திருங்க. நின்னாத்தான?"

சென்னையில் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர் என்ன சொன்னேன்? சரி என்றேன். உடனே, யோசிக்காமல்.

மழையிலும் தெரு முழுக்க வெளியே நின்றது. எஸ்தரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். ஹாரன் கேட்டதும் என் சட்டையைப் பிடித்தாள். "நிக்குதா?" "இல்லை, ஓடுது." உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்தது, ஆமைபோல. நான் பக்கத்திலேயே நடந்தேன். கதவைத் திறக்க எனக்குக் கை இல்லை. எதிர்வீட்டு நெல் வியாபாரி அண்ணாச்சி, இத்தனை வருஷமாக இந்த வண்டியைக் கண்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து கதவைப் பிடித்தார். "பைய வே, பைய! நிறுத்திராத!" என்று முத்தையாவை அதட்டிக்கொண்டே கூட நடந்தார். எஸ்தரை அவளுடைய மூலையில் சாய்த்துவிட்டு நானும் தாவி ஏறினேன். வண்டி நிற்கவில்லை. அண்ணாச்சி பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எனக்கும் சந்தோஷம். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

வழி நெடுகத் தண்ணீர். முத்தையா ஓர் இடத்திலும் நிறுத்தவில்லை. நின்றால் கிளம்பாது என்பது அவனுக்கும் எனக்கும் தெரியும். சேரன்மகாதேவி தாண்டியதும் வலிப்பு வந்தது. துணி சுற்றிய கரண்டியைப் பல்லுக்கு நடுவில் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். கூரை ஒழுகி என் கழுத்தில் சொட்டியது. மேலப்பாளையத்தில் கடை வாசலில் சாயபு. தான் வாங்கிய வண்டியைக் கண்டு மலர்ந்த முகத்தோடு கையைத் தூக்கினார். தாண்டிப் போனோம். என்ன நினைத்தாரோ.

ஆஸ்பத்திரி வாசலில் நிற்காமல் எப்படி? நின்றது. எஸ்தரைத் தூக்குக் கட்டிலில் எடுத்தார்கள். கண் திறந்தாள். என்னைப் பார்த்தாளா, குரலைத் தேடினாளா, தெரியவில்லை.

"நின்னுட்டா?"

எஞ்சின் அப்போதுதான் இருமி அடங்கியிருந்தது.

"இல்லை எஸ்தர். ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

லேடி டாக்டர் என்னை உள்ளே விடவில்லை. இங்கே நீங்கள் டாக்டர் அல்ல, புருஷன், வெளியே இருங்கள் என்றார். சரிதான். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

வெளியே வந்தேன். வண்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. முத்தையா கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "ஆறாம கிளம்பாதுய்யா." தள்ளு என்றேன். எங்கே என்றான். எங்கேயாவது, இந்த வேப்பமரத்தைச் சுற்றி, தள்ளு. "நின்ன பொறவு தள்ளி என்னய்யா செய்ய?" என்றான். அவன் கேட்டது நியாயம். நான் கோட்டைக் கழற்றிப் படியில் போட்டுவிட்டுத் தோளைக் கொடுத்தேன்.

வளைவுப் பாதையில் சுற்றிச் சுற்றித் தள்ளுகிறோம். சேறு. வேப்பமரத்துப் பக்கம் மேடு, கிணற்றுப் பக்கம் சரிவு. வாசல் காவலாள் யாரிடமோ சொல்கிறான்: "யாருவே இது, ஓடாத வண்டியத் தள்ளிட்டு அலையுதாவ?" ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்யாகக் கூடாது.

மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முத்தையா தனியாகத் தள்ளிக்கொண்டிருக்கிறான். பிரசவ அறைக் கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கிறது. உள்ளே சத்தமே இல்லை. அழுகைகூட இல்லை, யாருடையதும்.

முத்தையா கூப்பிடுகிறான். மேட்டில் ஏறவில்லையாம். நின்றுவிட்டதாம். போகிறேன்.