வயதுக்கு ஓர் அடி

மார்ச் 3, செவ்வாய்
எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுத் தையல்காரி எழுதுகிறாள். “நீங்க சொன்னதை மட்டும்தான் எழுதுவேன், அழகுபடுத்த மாட்டேண்ணே” என்றாள். அது போதும்.

நாற்பத்தாறு வருஷமாகத் தேவாலய மணி அடிக்கிறேன். சபையில் யாராவது இறந்தால் வயதுக்கு ஓர் அடி. ரொட்டிக்கடைக்காரரின் அம்மாவுக்குத் தொண்ணூற்றொன்று. மறுநாள் சாப்பிடக் கை எழவில்லை. எவர் கணக்கும் மறக்கவில்லை.

இன்று மகளுக்கு ஸ்கேன். பதினோரு வருஷம் காத்திருந்து தங்கிய பிள்ளை, ஐந்தாம் மாதம். பிள்ளைக்கு மண்டையோடு உருவாகவில்லையாம். பிறந்தாலும் நிலைக்காதாம். “வேண்டாம்னா இந்த வாரத்துக்குள்ள சொல்லிடுங்க” என்றார் டாக்டர்.

மார்ச் 5
மருமகன் லாரி ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். “மாமா, இன்னும் நாலு மாசம் இவ சுமந்துட்டு, கடைசியில...” மகள் என்னைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்கப்பா.”

கொடுத்தவர் எடுக்கட்டும், நாம் கை வைக்கக் கூடாது என்றேன். இப்போதும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் சொன்ன வேகம் — ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட நான் யோசிக்கவில்லையே.

மார்ச் 8, ஞாயிறு
போதகர் மகளை முன்னால் அழைத்து ஜெபித்தார். பெண்கள் சங்கத்தில் முறை போட்டார்கள், தினம் ஒருத்தி வந்து துணையிருப்பது என்று. பதினாலு பேர். “நீ தனியாச் சுமக்கல, சபையே சுமக்குது” என்றாள் சங்கத் தலைவி. எல்லாரும் ஆமென் சொன்னோம். என்னுடையதுதான் சத்தமாக இருந்தது.

ஏப்ரல் 22
இந்த வாரம் இரண்டு பேர்தான் வந்தார்கள். வராதவர்களில் ஒருத்திக்கு வீட்டில் விருந்தாளி, இன்னொருத்திக்குக் கால்வலி. மற்றவர்கள் காரணமும் சொல்லவில்லை.

மே 17, ஞாயிறு
மகள் போய் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண் எழுந்து வேறு இடம் போனாள். அவளையும் குறை சொல்ல முடியாது, பயம். வெளியே வந்ததும் மகள் சிரித்தாள். “என்னைப் பாத்தா ஒட்டிக்குமாப்பா?”

ஜூன் 9
யாரும் வரவில்லை.

ஜூன் 30
பிள்ளைக்கு ஒரு தொப்பி தைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள் ஆஸ்பத்திரி நர்ஸ். தையல்காரி தலை அளவு கேட்டாள். யாரிடம் போய் அளவு கேட்பேன்? அவளே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுதுகிறோம்.

இதை எழுதுகிற இவள் பெயர் சங்கம் போட்ட அந்த முறையில் இல்லை. சபைக்கே வராதவள். தினம் வருகிறவள் இவள் ஒருத்திதான். “இதை எழுத வேணாம்ணே” என்கிறாள். எழுது என்றேன்.

ஜூலை 21, செவ்வாய்
பெண் பிள்ளை. நாற்பது நிமிஷம் இருந்தாள். தம்ளரில் தண்ணீர் எடுத்து நானே ஞானஸ்நானம் கொடுத்தேன். மகள் பெயர் வைத்தாள். அதை இதில் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

தொப்பி பெரிதாகிவிட்டது.

ஜூலை 22
அடக்கம். போதகர் நன்றாக ஜெபித்தார். பதினாலு பேரில் மூன்று பேர் வந்தார்கள். வீடு திரும்பும்போது மகள் கேட்டாள், “மணி அடிக்கலையாப்பா?”

ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்கு அடி கிடையாது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் தச்சன் மனைவி, இரண்டு நாள் பிள்ளையை நீலத் துணியில் சுற்றிக்கொண்டு மணிக்கூண்டுப் படியில் நின்றாள். “ஒரே ஒரு அடிண்ணே.” வருஷம் ஆகலையேம்மா என்றேன். இன்று அதையே மகளிடம் சொன்னேன்.

“வயித்துல இருந்தப்ப உசுருன்னீங்க. இப்ப கணக்குலயே இல்லையா?”

மணிக்கூண்டுச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 23
காலையில் யாரையும் கேட்காமல் மேலே ஏறினேன். ஒன்பது அடி. மாதத்துக்கு ஒன்று.

இறங்கி வந்தால் தெருவே வாசலில் நிற்கிறது. ஒன்பது வயதில் யார் வீட்டுப் பிள்ளை என்று ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு நின்றாள். சங்கத் தலைவி செருப்பில்லாமல் ஓடி வந்தாள். “யாருண்ணே, யாரு?” சொன்னேன்.

“அப்பாடா, அதுவா” என்றாள். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். தெரு உள்ளே போய்விட்டது.

“நீங்களே காத்த முறை, பெரியவரே. ஜனங்க பயந்துட்டாங்க” என்றார் போதகர். சாவியை அவர் கேட்கவில்லை. நானே கொடுத்தேன்.

அங்கிருந்து தச்சன் மனைவி வீட்டுப் பக்கம் போனேன். அவள் இறந்து ஆறு வருஷம். ஐம்பத்தேழு அடி அடித்தவனே நான்தான். தெரிந்தும் கால் போனது.

ஆகஸ்ட் 2, ஞாயிறு
மணியை யாரோ ஒருவன் அடிக்கிறான். இழுப்பு சரியில்லை, கயிற்றை முழுக்க விடவில்லை. மகள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

ஆராதனைக்குப் போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். போகலையாப்பா என்று கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. கழற்றி ஆணியில் மாட்டினேன்.