தண்ணீர் நின்ற மோட்டார்

இன்று காலை ஆண்டிபட்டி டீக்கடையில் மாஸ்டர் கொதிக்கும் அண்டாவை இறக்க ஒரு ஈரச் சாக்கை மடித்துப் பிடித்தார். சாக்கிலிருந்து குப்பென்று ஆவி எழுந்தது. நனைந்த சணல் சூட்டில் வேகிற வாடை. கையிலிருந்த கிளாசை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். டீயில்தான் ஏதோ குறை என்று மாஸ்டர் நினைத்திருப்பார். எனக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். தெரிந்த ஒருத்தியும் போய்ச் சேர்ந்துவிட்டாய். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நாம் வைகை அணையின் வடகரையில் குடியிருந்த காலம். எழுபதுகளின் கடைசி. மீன் குத்தகை எடுத்தவரின் மோட்டார் படகை நான் ஓட்டினேன். பரிசல்காரர்கள் பிடித்த மீனைச் சேர்த்து அணைக்கரைக்குக் கொண்டுபோவதும், திரும்பும்போது சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டிகளை ஏற்றி வருவதும் வேலை. கல்யாணமாகி நீ அங்கே வந்த புதிதில், படகின் பின்பலகையிலிருந்து மோட்டாரைக் கழற்றி, தண்ணீர் நிரப்பிய டிரம்மில் நிறுத்தி ஓட்டிக்கொண்டிருந்தேன். நீ சற்றுத் தள்ளி நின்று பார்த்தாய். மோட்டாரின் பக்கவாட்டிலிருந்து மெல்லிய நூலாய்த் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இது என்ன பச்சப்புள்ள மாதிரி நின்னுக்கிட்டே ஒண்ணுக்குப் போகுது?" என்றாய்.

அதுவரை என்னிடம் நீ நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. காருக்கு ரேடியேட்டரில் சொந்தத் தண்ணீர் உண்டு, இதற்கு அது கிடையாது, தான் ஓடுகிற ஏரியையே குடிக்கும் என்று சொன்னேன். தண்ணீருக்குள் நிற்கும் அதன் காலடியில் இருக்கும் சல்லடைக் கண் வழியே தண்ணீர் நுழையும். உள்ளே ரப்பர் இறக்கை வைத்த ஒரு சின்னச் சக்கரம் சுற்றி அதை மேலே தள்ளும். தண்ணீர் சிலிண்டரைச் சுற்றிவந்து சூட்டை வாங்கிக்கொண்டு புகையோடு வெளியேறும். அதில் துளியூண்டுதான் இந்த ஓட்டை வழியாக வரும், உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நமக்குச் சொல்வதற்காக.

"இது நின்னுபோச்சுன்னா?"

"உடனே மோட்டார நிப்பாட்டிரணும். இல்லேன்னா பிஸ்டன் சூட்டுல ஒட்டிக்கிரும்."

"அப்ப ஏரி வத்துனா இதுக்குத் தாகமெடுக்குமா?"

"ஏரி வத்துறத விடக் கலங்குனாத்தான் இதுக்கு ஆபத்து" என்றேன்.

அன்றிலிருந்து அந்த வேலையில் பாதி உன்னுடையதாகிவிட்டது. கலங்கல் தண்ணீரில் ஓடிவந்த நாளெல்லாம் கிணற்றுத் தண்ணீரை டிரம்மில் ஊற்றி வைத்திருப்பாய். நான் மோட்டாரை அதில் ஓட்டிச் சேற்றைக் கழுவுவேன். சல்லடைக் கண்ணில் சிக்கிய பாசியை நீ விளக்குமாற்று ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாய் நெம்பி எடுப்பாய். தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் சுற்றினாலே அந்த ரப்பர் இறக்கைகள் கருகிக் கிழிந்துவிடும் என்று நான் சொன்னதிலிருந்து, டிரம் நிரம்பும்வரை மோட்டாரைக் கிளப்பும் கயிற்றில் கை வைக்கவே விடமாட்டாய். அந்த வருஷ மழைக்கு முன்பு பழைய சக்கரத்தைக் கழற்றிப் புதிதாக மாட்டியபோதும் பக்கத்தில் இருந்தாய். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், நாம் செய்யாமல் விட்டது எதுவும் இல்லை. அது தெரிந்தும் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

ஐப்பசியில் மலைமேல் பேய்மழை. ஆறு செம்மண்ணாய் இறங்கி ஏரியில் கலந்தது. சோளத்தட்டையும் வைக்கோலும் வேரோடு பெயர்ந்த செடிகளும் மிதந்துகொண்டிருந்தன. அக்காவைப் பார்க்கத் தேவதானப்பட்டியிலிருந்து வந்திருந்த உன் தம்பி முத்தையா, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாட்டுக்குப் புல்லறுக்கப் போனான். கொஞ்ச நேரத்தில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தான். "அக்கா, கண்ணாடி விரியன்க்கா" என்றான். நிதானமாகத்தான் சொன்னான். உன் முகம்தான் வெளுத்தது. அம்மா இல்லாத பிள்ளை, உன் இடுப்பில் வளர்ந்தவன்.

ஓடை பெருகி வண்டித்தடத்தை அறுத்துவிட்டிருந்தது. படகை விட்டால் வழியில்லை. அவனைத் தூக்கி ஐஸ் சாக்குகளின் மேல் படுக்க வைத்தேன். நீ அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாய். கண் மட்டும் அந்தத் தண்ணீர்த் தாரையிலேயே இருந்தது. கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தாய். "வருது... வருது..."

ஏரியின் நடுப்பகுதியைத் தாண்டும்போது உன் குரல் மாறியது. "ஏங்க, தண்ணி நின்னுருச்சு!"

மோட்டாரை நிறுத்தி அதன் காலடியைத் தூக்கிப் பார்த்தேன். சல்லடைக் கண் முழுவதையும் வைக்கோலும் சேறும் பிசைந்து அப்பியிருந்தன. விரலால் பிய்த்து எறிந்தேன். ஓட்டையில் கம்பி விட்டுக் குத்தினேன். மறுபடி கயிற்றை இழுத்தேன். மோட்டார் ஓடியது, தாரை வரவில்லை. புதுச் சக்கரம், இருந்தும் அந்தக் கொஞ்ச நேரம் காய்ந்து சுற்றியதில் கிழிந்துபோயிருக்கிறது. தண்ணீரின் நடுவில் வைத்து அதைக் கழற்றி மாட்ட முடியாது. துடுப்பை எடுத்து வலித்தேன். எதிர்க்காற்று படகை வந்த பக்கமே தள்ளியது. முத்தையாவின் ஈறிலிருந்து ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. சுற்றிலும் அத்தனை தண்ணீர், என் மோட்டாருக்குள் போக ஒரு சொட்டு இல்லை.

நீதான் எழுந்தாய். அவன் தலையை மெல்லக் கீழே வைத்துவிட்டு ஒரு சாக்கை உருவி ஏரியில் முக்கினாய்.

"மூடியக் கழட்டுங்க."

"கொதிக்கிற இரும்புல பச்சத்தண்ணி பட்டா விண்டுரும்டி."

"விண்டா விண்டுட்டுப் போகுது! எந்தம்பி போறான், தெரியலயா உங்களுக்கு?"

மூடியைக் கழற்றினேன். சிலிண்டர் தலையைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டினாய். பிளக் நனைந்தால் மோட்டார் நின்றுவிடும் என்று கத்தினேன். அந்த இடத்தை மட்டும் விலக்கி, சாக்கை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறுகையில் தகரக் குவளையால் தண்ணீரைச் சன்னமாக விட்டுக்கொண்டே இருந்தாய். மெதுவாக ஓட்டுவேன். சத்தம் கனத்துவிட்டால் நிறுத்தித் துடுப்புப் போடுவேன். மறுபடி ஓட்டுவேன். ஆவி உன் முகத்தில் அடித்தது. எரிகிறதா என்று கேட்டேன். "நீங்க கரையப் பாருங்க" என்றாய்.

அணைக்கரையில் ஆட்கள் தெரிகிற தூரத்தில் மோட்டார் ஒரு தரம் கிறீச்சிட்டு நின்றது. கயிற்றை இழுத்தேன், இம்மிகூட அசையவில்லை. பிஸ்டன் ஒட்டிக்கொண்டது. அப்போது நீ படகின் மூக்கில் ஏறி நின்று கத்தினாயே, அந்தச் சத்தம் ஒரு மனுஷியிடமிருந்து வரும் என்று நான் நினைத்ததில்லை. கரையோரம் வலை காயப்போட்டிருந்த பரிசல்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்து பரிசலைத் தள்ளினார்கள். கயிறு கட்டி நம்மை இழுத்துப்போனார்கள். காய்கறி ஏற்ற வந்த லாரி ஒன்று முத்தையாவைத் தேனிக்கு ஏற்றிக்கொண்டது. லாரியில் ஏறும்போதுதான் உன் உள்ளங்கையைப் பார்த்தேன். தோல் வழன்று தொங்கியது.

ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி போட்டார்கள். ரத்தம் நின்றது. ஆனால் டாக்டர் முகம் தெளியவில்லை. "வெசம் கிட்னியத் தாக்கியிருக்கும்மா. உள்ள போற தண்ணி வெளிய வரணும். வந்தாத்தான் எதுவும் சொல்ல முடியும்" என்றார். அதற்குப் பிறகான நாட்களை நான் எப்படிச் சொல்ல? முத்தையாவின் முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது. நீ கட்டுப்போட்ட கையோடு கட்டிலடியில் சிறுநீர் சேரும் கண்ணாடிக் குடுவையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். சாப்பிடவில்லை. சாமி பெயர்கூடச் சொல்லவில்லை. "புள்ளைக்கு ஒரு சொட்டு வரமாட்டேங்குதே" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாய். நர்ஸம்மா உன்னைத் தேற்றப் பார்த்துத் தோற்றுப்போனார். மதுரைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள் என்கிற பேச்சு வந்துவிட்டது. நான் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றேன். உள்ளே வந்து உன் பக்கத்தில் உட்காரும் தைரியம் எனக்கு இல்லை.

அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு பகலில்தான் வார்டுக்குள்ளிருந்து உன் குரல் வந்தது. "ஏங்க! தண்ணி வந்துருச்சு! தண்ணி வந்துருச்சுங்க!"

வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று நினைத்து ஒரு பெண் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் உள்ளே வந்தபோது நீ குடுவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாய். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அதைத்தான் எனக்குக் காட்டினாய்.

மோட்டார் பிழைக்கவில்லை. பிரித்துப் பார்த்த மெக்கானிக், உருகி ஒட்டியிருக்கிறது என்றார். "இரும்புதானப்பா, போனாப் போகுது" என்று குத்தகைக்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான்தான் அதற்குப் பிறகு படகைத் தொடவில்லை. சின்னமனூருக்கு வந்து பம்புசெட் வேலையில் சேர்ந்தேன். நீயும் அப்புறம் எந்தத் தண்ணீரிலும் இறங்கியதில்லை. முத்தையா எப்போது வந்தாலும், அவன் பேரன் பேத்தி எடுத்த பிறகும், சபையில் வைத்து "ஒழுங்கா ஒண்ணுக்குப் போறியாடா?" என்று கேட்டு மானத்தை வாங்குவாய்.

போன பங்குனியில் நீ கிளம்பிவிட்டாய். காய்ச்சல் என்று படுத்தாய், ஒரு வாரம்கூட உன்னைப் பார்த்துக்கொள்ள என்னை விடவில்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை முத்தையாதான் கொண்டுவந்தான். உன்மேல் போர்த்தும்போது அது அவன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து உன் துணியை மடிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் வந்தது. இன்னும் நிற்கவில்லை. இனி என்ன செய்து இந்தப் பொழுதை ஓட்டுவது என்று உண்மையிலேயே தெரியவில்லை.

முத்தையாவுக்கு இப்போது கண் மங்கல். பெஞ்சாதியும் இல்லை, பிள்ளைகள் திருப்பூரில். மாதாமாதம் தேனி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். எனக்கே மூட்டுவலி, ஆனாலும் படியேறும்போது அவன் பாரம் முழுக்க என்மேல்தான் விழும். போன தடவை பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்கிவிட்டான். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டார்.

"யாருங்கய்யா, கூடப் பொறந்தவுகளா?"

மச்சினன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

"ஆமா, எந்தம்பி" என்றேன்.