மூன்றாவது தடவை உட்காருகிறவன்

அன்புள்ள லீலண்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலமாக இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் மழைக்கு முதல் நாளே முனக ஆரம்பித்துவிடுகிறது. உன் தோளும் முதுகும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும் என்று வழக்கம்போல ஞாயிறு பூசையில் வேண்டிக்கொண்டேன். சோள அறுவடை முடிந்தது, உன் தங்கை ஜோடிக்குப் பள்ளியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, நாய் மறுபடியும் பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்தி எனக்கு வசவு வாங்கித் தந்தது.

திங்கட்கிழமை நீ போனில், "மோசஸை உட்கார வச்சிட்டாங்கம்மா, இனி முழு ஆட்டமும் எனக்குத்தான்" என்று சொன்னபோது நான் சந்தோஷப்படவில்லை என்று கோபித்துக்கொண்டாய். சிக்னல் சரியில்லை என்று சமாளித்தேன். பொய்தான். வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பந்து உங்கள் அணியின் கைக்கு முதல் இரண்டு தடவை வந்தால் நீ நிற்பாய், மூன்றாவது தடவை உன் இடத்தில் மோசஸ் டவுஃபா நிற்பான் என்று கோச் முறை போட்ட நாளிலிருந்தே உனக்கு வயிற்றெரிச்சல். "என்னை மெல்ல ஓரங்கட்டுறாங்க" என்று புலம்பினாய். எதிரணியை மறிக்க முன்வரிசை லைனில் நிற்கிற முந்நூறு பவுண்டு ஆளுக்கும் மூச்சு வாங்கும், இரண்டு பேரும் களைக்காமல் இருக்கட்டும் என்றுதான் செய்கிறார்கள் என்று அப்பா எத்தனை தடவை சொன்னார், காதில் போட்டுக்கொண்டாயா?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நாங்கள் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிரணியின் அந்தத் தொண்ணூற்று நான்காம் எண்காரன் உள்பக்கம் திரும்பிப் பாய்வதற்கு முன்னால் இடது காலைக் கொஞ்சம் பின்னால் வைக்கிறான். அப்பா முதலில் கண்டுபிடித்தார், அடுத்த நிமிடமே நீயும் கண்டுபிடித்தாய், இரண்டு தடவை அவனை அப்படியே மறித்து நிறுத்தினாய், எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் மோசஸின் முறை வந்தது. அவன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே உன் முன்னால் குனிந்து ஏதோ கேட்டதைக் கேமரா காட்டியது. நீ தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தண்ணீர் பாட்டிலை உருட்டிக்கொண்டிருந்தாய். உள்ளே போகிறவனுக்கு வெளியே வருகிறவன் பார்த்ததைச் சொல்ல வேண்டும், அதுதானே உங்கள் வழக்கம்? வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அடுத்த பாய்ச்சலிலேயே அந்தத் தொண்ணூற்று நான்காம் எண்காரன் இடது காலைப் பின்னால் வைத்தான், மோசஸைத் தாண்டினான், அவன் மோதியதில், பந்தை எறிகிற உங்கள் குவார்ட்டர்பேக்கின் விலா எலும்பு போனது. இன்னும் ஒன்பது நிமிட ஆட்டம் மீதி இருந்தது, அப்பா எழுந்து டிவியை அணைத்துவிட்டார். நீ ஆட ஆரம்பித்த நாளிலிருந்து அவர் அப்படிச் செய்ததே இல்லை. "கேட்டான்டி, இவன் சொல்லல" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

ஊரே இப்போது மோசஸைத் திட்டுகிறது. பேட்டியில் அவனிடம், லைனில் யாரும் எச்சரிக்கவில்லையா என்று கேட்டார்கள். "என் கால்தான் லேட்டாயிடுச்சு, லீலண்ட் நல்லாத்தான் ஆடினான்" என்றான் அந்தப் பிள்ளை. நான் அடுப்படியில் நின்று அழுதேன், உன்னை நினைத்து வெட்கத்தில் அழுதேன், இதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை லைன்காரர்கள் எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போவீர்களே, மூன்று வாரமாக நீ போகவில்லையாமே, இந்த வாரம் போ. அதற்கு முன்னால் கோச்சிடம் நடந்ததைச் சொல். மறுபடியும் முறை போட்டுக்கொண்டால் போட்டுக்கொள்ளட்டும், மூன்றாவது தடவை உட்கார்ந்தால் நீ தேய்ந்து போய்விட மாட்டாய்.

இத்துடன் கசகசா பூரணம் வைத்த கொலாச்சி பன் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். போன வருடம் நம் வீட்டுக்கு வந்தபோது மோசஸ் ஒன்பது சாப்பிட்டானே, அதேதான். யாரிடமும் கொடுத்து அனுப்பாதே, உன் கையால் கொண்டு போ. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திற.

கடவுள் உன் கையையும் காலையும் காக்கட்டும். தோளுக்கு ஒத்தடம் கொடுக்க மறக்காதே. பெட்டியின் மேல் இரண்டு பேர் பெயரையும் எழுதியிருக்கிறேன். மோசஸ் பெயர்தான் முதலில்.

உன் மேல் கோபமும் பாசமும் குறையாத அம்மா,
அர்லீன் கூபிக்