மேட்டுப் பக்கம் தப்பும் பந்து

அன்புள்ள அக்கா மகளுக்கு,

உன் தாய்மாமன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே என் முழங்கால் சுகம். டாக்டர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இப்படி ஒரு முழங்காலைப் பார்த்ததே இல்லை என்றார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. நல்ல அர்த்தமாகத்தான் இருக்கும். உன் அம்மா சுகம், அவள் வாயும் சுகம்.

போனில் சொல்லலாம் என்றால் நீ குறுக்கே விழுந்து பேசுவாய். அப்புறம் அழுவாய். அப்புறம் எனக்கும் சிக்னல் கிடைக்காமல் போய்விடும். கடிதம் என்றால் நான் முடிக்கிறவரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். இதைக் கொண்டுவருகிறவர் உன் வீட்டுக்காரர். விமானத்தில் அவ்வளவு தூரம் வந்தவரை வாசலில் நிற்க வைக்காமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு மேலே படி.

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தார். காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. அதற்குள் நான் என் வாழ்க்கை வரலாற்றில் பாதியை முடித்துவிட்டேன். கல்லூரியில் ஒரு வகுப்பையே கட்டி ஆண்டு புள்ளியியல் நடத்துகிறவர், என் முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியில் நானே, “மாப்ளே, கையில வச்சிருக்கறது குண்டா? போடறதுன்னா போட்டுடுங்க” என்றேன். போட்டார்.

நீ தொழில்முறையில் கோல்ஃப் ஆட ஆரம்பித்ததிலிருந்து அடித்த ஒவ்வொரு அடியும் அதற்குள் இருக்கிறது. எந்தத் தூரத்திலிருந்து அடித்தாய், எங்கே விழுந்தது, அதே இடத்திலிருந்து மற்ற ஆட்டக்காரிகள் சராசரியாக எத்தனை அடியில் பந்தைக் குழிக்குள் போடுகிறார்கள், நீ அதைவிடக் கூடவா குறைவா, எல்லாம். ஏழாம் வகுப்பைப் பாதியில் துறந்தவன் என்றாலும் நான் சட்டென்று பிடித்துக்கொண்டேன். சொல்லப்போனால் இந்த முறையை நானே கண்டுபிடித்திருப்பேன். நேரம்தான் கிடைக்கவில்லை.

உன் முதல் அடி, அந்தத் தூர அடி, கூட ஆடுகிறவர்களில் பெரும்பாலோரைவிட மேல். இரண்டாவது அடியும் அப்படியே. மணல் பள்ளத்திலிருந்து எடுக்கிற அடி பிரமாதம். அது நான் சொல்லிக்கொடுத்தது என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன், குறித்துக்கொண்டாரா தெரியவில்லை. இப்படிச் சம்பாதித்ததையெல்லாம் நீ விடுகிற இடம் கடைசியில்தான், மழமழவென்று வெட்டிய புல்லில் பந்தைக் குழியை நோக்கி உருட்டுகிறாயே, அங்கே.

அது நமக்குத் தெரிந்ததுதானே? உனக்குக் கை நடுங்குகிறது என்று சொல்லிச் சொல்லி உன் கோச் மட்டைமேல் மட்டையாக மாற்றவில்லையா? மூச்சுப் பயிற்சிக்காரி உன்னை மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார வைக்கவில்லையா? ஆனால் மாப்பிள்ளை சொல்கிறார், “கை நடுங்கினா பந்து ரெண்டு பக்கமும் தப்பணும் மாமா. இவளுக்கு ஒரே பக்கம்தான் தப்புது. எப்பவும் சரிவோட மேட்டுப் பக்கம்.” அப்படியென்றால் உன் கை நல்ல கை. கோளாறு சரிவைப் பார்த்துச் சொல்வதில் இருக்கிறது. இருப்பதைவிட அதிகச் சரிவு என்று யாரோ உனக்குச் சொல்கிறார்கள்.

யார் சொல்வது? உன் பையைச் சுமந்துகொண்டு, பந்துக்குப் பின்னால் குந்தி, ஒற்றைக் கண்ணை மூடி, தொப்பியை நீட்டி வழி காட்டுகிறவர் உலகத்தில் எத்தனை பேர்?

மாப்பிள்ளை அதை வாயால் சொல்லவில்லை, அவ்வளவு மரியாதை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான், “என் கண்ணு அவ்வளவு கூர்மை மாப்ளே, இல்லாத சரிவைக்கூடப் பாத்துடும்” என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனிதரின் போனைத்தான் நீ நாலு நாளாக எடுக்காமல் இருக்கிறாயாம். “எங்க மாமாவையே கணக்குப் போட நீங்க யாரு?” என்று கேட்டாயாம். எனக்காக நீ சண்டை போட்டது உள்ளுக்குள் எனக்கு இனிக்கத்தான் செய்தது, அம்மாடி. ஆனாலும் தப்பு.

நானும் லேசில் விடவில்லை. முழங்காலுக்காக நான் படுத்திருந்தபோது வேறொருவர் உனக்குப் பை தூக்கிய மூன்று போட்டியில் நீ நன்றாக உருட்டினாய் என்று அவர் காட்டியபோது, அது அதிர்ஷ்டமாக இருக்கக்கூடாதா என்று மடக்கினேன். “இருக்கலாம் மாமா, மூணு போட்டி பத்தாது” என்று உடனே ஒத்துக்கொண்டார். அதற்காகத்தான் பழைய ஆட்டங்களின் வீடியோவையெல்லாம் தோண்டியிருக்கிறார். நான் குந்திப் பார்த்துச் சொன்ன பந்துகள் ஒரு பக்கம், நீ பொறுமையில்லாமல் என்னைக் கேட்காமலே உருட்டியவை ஒரு பக்கம், தூரத்துக்குத் தூரம் ஒப்பிட்டிருக்கிறார். நான் எத்தனையோ பேரை வாயால் மடக்கியவன். எண்களை மடக்கிப் பார்த்தது அன்றுதான். மசியவில்லை.

வியாழக்கிழமை தொடங்குவது வருஷத்தின் கடைசிப் போட்டி. முதல் இருபது பேருக்குள் வராவிட்டால் அடுத்த வருஷம் உனக்கு இடமில்லை, மறுபடி தகுதிப் போட்டியிலிருந்து ஏறி வர வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? மாமா வராமல் பந்தையே தொடமாட்டேன் என்று டிக்கெட் அனுப்பியிருக்கிறாய். அதை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன்.

நான் வராததற்குக் காரணமே வேறு. இங்கே கிளப்பில் என்னை விடுவதாயில்லை. நீங்கள் ஒரு வாரம் இல்லாவிட்டால் இந்தப் புல் முளைக்காது என்று செயலாளர் கையைப் பிடித்துக்கொள்கிறார். பெரிய ஆட்டக்காரர்கள் இரண்டு பேர், பெயர் சொல்லக்கூடாது, நான் எப்போது பை தூக்க வருவேன் என்று காத்துக் கிடக்கிறார்கள். உன் அம்மாவிடம் சொன்னேன், சிரிக்கிறாள். அவளுக்கு உலக விவகாரம் தெரியாது.

அந்த மூன்று போட்டியிலும் உனக்குப் பை தூக்கிய, வாயே திறக்காத அந்த அம்மாவையே வைத்துக்கொள். அவர் தூரத்தை மட்டும் சொல்லட்டும், சரிவை நீ பார். அவருக்குச் சில விஷயம் தெரிய வேண்டும். தலைவலி வந்தால் நீ சொல்லமாட்டாய், கையுறையைக் கழற்றிக் கழற்றி மாட்டுவாய். அப்போது தண்ணீர் கொடுக்க வேண்டும். மோசமாக ஒரு அடி அடித்துவிட்டால் உன் பக்கத்தில் வரக்கூடாது, கொஞ்சம் பின்னால் வர வேண்டும். ஆனால் செருமிக்கொண்டே வர வேண்டும், ஆள் இருக்கிறது என்று உனக்குத் தெரிவதற்கு. வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்தால்தான் சாப்பிடுவாய், பாதியைத் திருப்பித் தருவாய். அந்தப் பாதியை அவர் சாப்பிட வேண்டும். தூக்கிப் போட்டால் உனக்குக் கோபம் வரும்.

மாப்பிள்ளையோடு பேசு. நம் குடும்பத்தில் ஒன்றைப் பத்தாக்கிச் சொல்ல நான் இருக்கிறேன். ஒன்றை ஒன்று என்று சொல்ல அவர் ஒருத்தர்தான் வந்து சேர்ந்திருக்கிறார்.

போட்டி நாட்களில் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, ஆட்டத்தைப் பார்க்க முடியுமோ என்னவோ. கிளப் ஹாலில் இருந்த டிவியை என் அறைக்குத் தூக்கி வந்திருக்கிறேன். அது சும்மா, அங்கே தூசி படிகிறதே என்றுதான்.

உருட்டப் போகும்முன் பழக்கத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாய். நான் இருக்க மாட்டேன். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது, கண்ணு. உன் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதுதான் வழி. அதை நம்பி உருட்டு. எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

என்றும் உன்,
மாமா