அப்பாவுக்காக மதம் மாற வேண்டாம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சிவேந்திரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கந்தசுவாமியார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். கார்டிஃபில் நீயும் அஃப்ரினும் அவள் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையும் மாலையும் என் வேண்டுதல். அவளுக்குக் கால் வீக்கம் வற்றியதா? உப்பைக் குறைக்கச் சொல், படுக்கும்போது காலுக்குத் தலையணை வைத்துக்கொள்ளட்டும். வீக்கம் முகத்துக்கு ஏறினால் மட்டும் பொறுத்துப் பார்க்காமல் டாக்டரிடம் கூட்டிப்போ. நாள் தவறாமல் வாட்ஸ்அப்பில் பேசுகிறவள் இப்போது ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் இந்த விஷயத்தை எடுத்தால் நான் அழுதுவிடுவேன், நீ வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய். போன முறை அப்படித்தான் ஆனது. எழுதினால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

இங்கே பங்சாரில் வேலை கிடைத்துவிட்டது, குழந்தை பிறந்ததும் மூன்று பேரும் நம் வீட்டுக்கே வந்து அப்பாவோடு இருக்கப் போகிறோம் என்று சொன்னாய். அதற்காக நீ இஸ்லாத்துக்கு மாறிவிடுவதாகவும் சொன்னாய். ஒரு கையெழுத்துத்தானே அம்மா, நான்தான் எந்தச் சாமியையும் நம்புகிறவன் இல்லையே என்று சிரித்தாய். நீ ஏன் அப்படி யோசித்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நீங்கள் அங்கே பதிவு செய்துகொண்ட கல்யாணத்தை இந்த நாட்டுச் சட்டம் கல்யாணம் என்று எடுத்துக்கொள்ளாது. முஸ்லிமாக இருக்கும் ஒருவரைக் கட்ட வேண்டுமானால் மற்றவரும் முஸ்லிம் ஆகியிருக்க வேண்டும். இப்படியே வந்து நம் வீட்டில் ஒரே அறையில் இருந்தால், யாராவது ஒருவர் மத இலாகாவில் புகார் கொடுத்தாலே போதும், அஃப்ரின் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டி வரும். குழந்தையைப் பதியும்போதும் சிக்கல். வேலை பார்த்த காலம் முழுக்கக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக நின்றவள் நான், இதையெல்லாம் நீ எனக்கு விளக்க வேண்டியதில்லை.

நீ அதைச் சொன்னபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நீ வரப்போகிறாய் என்றதும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ரயில்வேயில் ஓடியாடி வேலை செய்த மனிதர், இப்போது குளியலறைக்குப் போய் வருவதற்குள் சுவரைப் பிடித்து நின்று நின்று வருகிறார். இதயம் அவ்வளவுதான் வேலை செய்கிறது, விமானம் ஏறுவதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்களைப் பார்க்க அவரால் வர முடியாது என்பதால் நீங்கள் வருவது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பார். ஆனால் ஒரு கையெழுத்துத்தானே என்று நீ சொன்னதும் அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்துவிட்டார். அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. கேட்டால் பசியில்லை என்றார்.

மறுநாள் ஜெயமாலா சின்னம்மா வந்தாள். அவளிடம் மறைக்க முடியுமா, சொன்னேன். சொன்னதுதான் தாமதம், நெருப்பாய்க் கொதித்தாள். அவன் மாறிட்டான்னா நாளைக்கு அத்தானுக்கு யார் அக்கா கொள்ளி வைக்கிறது, நம்ம சமயம் யாரையாவது இப்படி மாறு, இல்லேன்னா கல்யாணம் கிடையாதுன்னு சொல்லியிருக்கா, நம்ம சமயம் எப்பவாவது சட்டத்தைத் தூக்கிக்கிட்டு ஒருத்தர் வீட்டுக்குள்ள வந்திருக்கா என்று கேட்டாள். கொள்ளி பற்றி அவள் சொன்னது என் நெஞ்சிலும் முள்ளாகத்தான் கிடந்தது. ஆனால் கடைசியாகச் சொன்னதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. நம்ம அப்பாவை மறந்திட்டியா ஜெயா என்று கேட்டேன். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

உன் அம்மப்பாவைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பதின்மூன்று வயது, ஜெயமாலாவுக்கு ஒன்பது. அவர் கிள்ளானில் ஒரு கோயிலில் இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டிவிட்டு, ஐயர், மேளம், மாலை எல்லாம் முறைப்படி முடித்துக்கொண்டு அந்தப் பெண்ணோடு வீட்டுக்கு வந்தார். அம்மம்மா சண்டை போடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போனார். வக்கீல் நல்ல மனிதர், தமிழ் தெரியாதவர். அவர் இங்கிலீஷில் சொன்னதை நான்தான் அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. இந்து வழக்கப்படி ஆணுக்கு இது அனுமதி, ஆகவே இது குற்றமில்லை, கோர்ட்டுக்குப் போனாலும் அந்தக் கல்யாணம் செல்லும் என்று. என் வாழ்க்கையில் நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு அது. அம்மம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதோ மாற்றிச் சொல்லிவிட்டேனோ என்பதுபோல. பிறகு வெகுகாலம் கழித்து எண்பத்திரண்டில்தான் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்திதான் என்று. ரேடியோவில் கேட்டுவிட்டு அம்மம்மா, இது கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்றார், அவ்வளவுதான். அந்த வீட்டிலேயே கடைசிவரை இருந்து செத்துப்போனார்.

சின்னம்மா போன பிறகு மனசு ஆறவில்லை. அந்தச் சனிக்கிழமை அப்பாவிடம் கடைக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு சென்ட்ரல் ஸ்டேஷனில் கம்யூட்டர் ரயில் ஏறி கிள்ளானுக்குப் போனேன். அஃப்ரினின் வாப்பா நூர் முகமது ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கிறார் என்று நீ சொல்லியிருக்கிறாயே, தேடிப் பிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. உங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் மகளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, என்னை விரட்டிவிடுவார் என்றுதான் பயந்துகொண்டு போனேன். சிவேந்திரனோட அம்மா என்று சொன்னதும் மனிதர் எழுந்து நின்றார். உட்காருங்க அக்கா என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. என் மகன் மதம் மாறத் தயார் என்கிறான், ஆனா அவனுக்கு நம்பிக்கை இல்லை, அப்படி வந்தா ஏத்துக்குவீங்களா பாய் என்று கேட்டேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது. வேணாம் அக்கா, கலிமாவை வாயால மட்டும் சொல்லிட்டு வர்ற மருமகன் எனக்கு வேணாம், அது படைச்சவனையே ஏமாத்துற வேலை, நம்பி வந்தான்னா கட்டிப்பிடிச்சுக்குவேன், பேப்பருக்காக வந்தான்னா அவனுக்கும் பாவம் எனக்கும் பாவம் என்றார். அப்படியானால் சட்டம் இப்படிக் கேட்கலாமா என்றேன். அதற்கு அவர் சொன்னதையும் உள்ளபடி எழுதுகிறேன், ஏனென்றால் அதில் நியாயம் இல்லை என்று என்னால் தள்ள முடியவில்லை. நான் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன் அக்கா, மனுசன் போட்ட சட்டத்தைக் காசு இருக்கிறவன் வளைச்சிருவான், ராமநாதபுரத்துல எங்க வாப்பா மவுத்தானப்ப வீட்டுல தங்கச்சிக்குப் பங்கு கிடையாதுன்னு எங்க பெரிய காக்கா, கூடப்பிறந்த அண்ணன், ஒத்தக் கால்ல நின்னாரு, ஊரே அவர் பக்கம், மார்க்கச் சட்டம் ஒண்ணுதான் அவ பக்கம் நின்னுச்சு, இன்னிக்கும் அவ தலைக்கு மேல கூரை இருக்குன்னா அதனாலதான் என்றார்.

நான் அவரிடம் என் அம்மாவின் கதையைச் சொன்னேன். அவர் வாடிக்கையாளரைக்கூடக் கவனிக்காமல் கேட்டார். முடித்ததும், அது உங்க அப்பா செஞ்ச தப்பு அக்கா, உங்க சாமி செஞ்ச தப்பு இல்லை என்றார். கோர்ட்டுக்கு அந்த ரெண்டும் பிரிச்சுத் தெரியலையே பாய் என்றேன். அவர் அளவுகோலை எடுத்து ஓரமாக வைத்தார். சட்டம் மாறச் சொல்லுது, நீங்க பொய்யா மாறாதேங்கிறீங்க, அப்போ இந்தப் பிள்ளைங்க எங்கதான் போவாங்க என்று கேட்டேன். அவர் மடித்த சேலை ஒன்றை விரித்து மறுபடியும் மடித்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது மட்டும், நிக்காஹ் இல்லாத கல்யாணத்தை நான் கல்யாணம்னு சொல்ல மாட்டேன், நீங்க மனசுல வச்சுக்காதீங்க என்றார். பிறகு, அவளுக்கு எத்தனாவது மாசம் என்று கேட்டார். ஏழு என்றேன்.

திரும்பி வரும்போது ரயிலில் நான் யோசித்ததை உனக்குச் சொல்கிறேன் தம்பி, உன் அளவுக்குப் படித்தவள் இல்லை, தப்பாக இருந்தால் திருத்து. சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்களுக்கு உறுதிமொழி சொல்லிக்கொடுத்தது நான். சைவர், கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாருக்கும் ஒரே வாசகம், உண்மையைச் சொல்வேன் என்று. கோயிலுக்கு மாலை போட்டவரும் பொய் சொன்னதைக் கேட்டிருக்கிறேன், ஒன்றையும் நம்பாதவர் தனக்கே பாதகமான உண்மையைச் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். கோர்ட்டால் வாயைத்தான் கேட்க முடியும், கையெழுத்தைத்தான் பார்க்க முடியும். மனசுக்குள் இருப்பது அதற்குத் தெரியாது. நூர் முகமதுவின் தங்கைக்குக் கிடைத்ததுபோன்ற நியாயத்தைச் சட்டம் எந்த வேதத்திலிருந்து எடுத்துக்கொண்டாலும் நான் கும்பிடுவேன். ஆனால் நம்புகிறேன் என்று சொல், சொன்னால்தான் உன் பெண்டாட்டி உன் பெண்டாட்டி என்று ஒரு சட்டம் கேட்கும்போது, அது சாமிக்குப் பெருமை சேர்க்கிறதா, சாமியிடம் ஒருவனைப் பொய் சொல்ல வைக்கிறதா? அந்தச் சாமி முருகனாக இருந்தாலும் இதைத்தான் கேட்பேன். கோடிப் பேர் வாழும் நாட்டுக்கு எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. என் ஒரு பிள்ளைக்கு எது சரி என்று மட்டும் கொஞ்சம் தெளிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த பிறகு நம் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. நூர் முகமதுவும் அஃப்ரினின் உம்மாவும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நம் பாத்திரத்தில் குடிப்பார்களோ என்னவோ என்று கடையில் பேப்பர் கப் வாங்கி வர ஓடப் பார்த்தேன். அதெல்லாம் வேணாம் அக்கா, நீங்க குடிக்கிறதுலயே தாங்க என்றார் உம்மா. அப்பாவும் நூர் முகமதுவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பழைய ரயில், கிள்ளான் வெள்ளம் என்று ஏதோ பேச்சு தொடங்கி நின்றுவிட்டது. பிறகு அப்பா, மூச்சு வாங்கி வாங்கி, என் மகன் பொய் சொல்லிட்டு வந்து என் பக்கத்துல இருக்க வேணாம், நான் செத்தாக் கொள்ளி வைக்க ஆள் இல்லாமப் போனாலும் பரவாயில்லை, அவன் எங்க இருந்தாலும் உண்மையா இருக்கட்டும், எனக்காக உங்க சாமிகிட்ட அவன் பொய் சொன்னா எனக்கு அந்தப் பக்கம் போயும் நிம்மதி இருக்காது என்றார். நூர் முகமது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் அழுததை நாங்கள் யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

உம்மா கப்பைக் கீழே வைத்தார். நீங்க ரெண்டு ஆம்பளைங்களும் சட்டம் பேசிக்கிட்டு இருங்க, எம் புள்ளைக்குப் பிரசவம், நான் போறேன் என்றார். என்னைப் பார்த்து, நீங்க வரீங்களா அக்கா என்று கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். போ என்று தலையசைத்தார். நூர் முகமது அப்பாவிடம், நீங்க ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை போகணும் என்று கேட்டார். புதன் என்றார் அப்பா. புதன்கிழமை கடையைப் பொடியன் பார்த்துக்குவான் என்றார் அவர்.

ஆகவே தம்பி, பங்சார் வேலையை இப்போதைக்கு விட்டுவிடு. அந்தக் கையெழுத்தைப் போடாதே. என்றாவது ஒருநாள் உனக்கு உண்மையாகவே அந்த நம்பிக்கை வந்தால் அன்றைக்குப் போடு, நான் குறுக்கே நிற்க மாட்டேன், தொழும் இடத்தைக் கூட்டித் துடைத்துத் தருவேன். அப்பாவுக்காகவோ எனக்காகவோ வேண்டாம். நீங்கள் இங்கே வர முடியாததால் நானும் அஃப்ரினின் உம்மாவும் அங்கே வருகிறோம். அப்பாவால் வர முடியாது, பேரப்பிள்ளையைப் போனில்தான் பார்ப்பார், அது அவருக்கு எவ்வளவு வலி என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். குற்ற உணர்ச்சி வேண்டாம், அவராகவே யோசித்து எடுத்த முடிவு. குழந்தை கொஞ்சம் தேறியதும் நீ மட்டும் ஒரு வாரம் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போ, தள்ளிப் போடாதே.

அஃப்ரினிடம் அவள் உம்மா வருவதை நீயே சொல், உட்கார வைத்துச் சொல். என்ன சாப்பிட ஆசை என்று கேட்டு எழுதினால் இரண்டு பேரும் பெட்டியில் கட்டிக்கொண்டு வருவோம். குளிருக்கு எனக்குக் காலில் போட எப்படிப்பட்ட சப்பாத்து வேண்டும் என்றும் சொல். சின்னம்மா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள், ஆனாலும் பிள்ளைக்கு வெள்ளைப் பனியன் தைத்துக் கொடுத்திருக்கிறாள். நீங்கள் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பிரியம் குறையாமல், பெற்று வளர்த்து, எந்தச் சாமியின் முன்னாலும் தலை குனியாமல் நிற்கும்படி வாழ வேண்டும். சுகப் பிரசவம் ஆகட்டும்.

ஒன்று மறந்துவிடாதே. நான் அங்கே இருக்கும் நாட்களில் புதன்கிழமை ஆஸ்பத்திரி நேரத்தில் நீ அப்பாவுக்குப் போன் செய்தால் நூர் முகமது எடுக்கக்கூடும். பேசாமல் இருந்தால் அது அவர்தான். வைத்துவிடாதே. போனை அஃப்ரினிடம் கொடு.

இப்படிக்கு,
உங்கள் மூவருக்கும் நல்லதையே வேண்டும்
அம்மா வசுந்தரா சண்முகரத்தினம்